உப்புக் கை

நாற்பத்திரண்டு தட்டுகள் திரும்பி வந்தன.
ஈ.என். எட்டு எஃகு, இருபுறமும் கிரைண்டிங்,
மேலே கறுப்பு ஆக்சைடு.
டிராயிங்கில் கேட்டது சைபர் புள்ளி நான்கு மைக்ரான்,
நாங்கள் கொடுத்தது அதைவிட வழவழப்பு.
அளவில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.
கறுப்புக்கு அடியில்
ஒரு கட்டைவிரல் இருந்தது.

நேரே பார்த்தால் இல்லை. சாய்த்தால் உண்டு.
சுழி, வரி, நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.
"இன்னாய்யா இது, பத்திரப் பதிவு ஆபீஸா?"
கஜபதி சார் சிரிக்காமல் கேட்டார்.

ராணிப்பேட்டையில் சித்திரை பிறந்தால்
சிப்காட் ஷெட்டின் தகரம்
பத்து மணிக்கே படபடவென்று பேச ஆரம்பிக்கும்.
போர் தண்ணீரில் கூலண்டைக் கலந்தால்
பால் மாதிரித் திரிந்துவிடும், அதனால் டேங்கர் தண்ணீர்.
அதற்கு ஒரு நோட்டு உண்டு,
எத்தனை சதவீதம், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு.
எங்கள் வியர்வைக்கு நோட்டு இல்லை.

ஷிப்ட் மாறும் நேரம்.
புதுத் தட்டு ஒன்றை அசிட்டோனில் துடைத்து
மேஜையில் வைத்தார் சார்.
ஆளுக்கு ஒரு விரல்.
எத்திராஜ் அழுத்தினான், லேத் மோகனவேலு அழுத்தினான்.
பேக்கிங் குணவதி அக்கா
"காசு குடுப்பாங்களாடி?" என்று கேட்டுக்கொண்டே வைத்தாள்.
கீழே மார்க்கரில் பெயர்கள்.
ஏழாவது நான்.

விஷாரத்துக்குப் போகும் பஸ்ஸில்
கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.
எனக்குத் தெரியும்.
என் வாட்சின் பின்மூடி வருஷத்துக்கு ஒன்று.
நிக்காஹ்வுக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு
மூன்றாம் மாதமே கறுத்து,
மாமியார் தட்டான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார்.
தட்டான் மேல் தப்பில்லை என்று
இன்றுவரை நான் சொல்லவில்லை.

காலையில் ஆறு பெயர்களுக்கு மேல் வெறும் பளபளப்பு.
தில்ஷாத் என்று எழுதிய இடத்தில் மட்டும்
பழுப்பாய், முழுசாய், தழும்போடு
நான் முளைத்திருந்தேன்.

"ஒடம்பா, உப்பளமா?"
எத்திராஜ் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

கையுறை கொடுத்தார்கள், நீல நைட்ரில்.
முதல் நாளே மூன்று பிசிர்களைத் தவறவிட்டேன்.
நான்காவது, கையுறையைக் கிழித்துக்கொண்டு
என்னை வந்து பார்த்தது.
நகத்தை ஓட்டிப் பார்க்காமல்
ஒரு விளிம்பை எப்படி நம்புவது?
பெயிண்ட் அடித்த சுவரைத் தடவி
வீடு நல்ல வீடு என்பது மாதிரி.

ஆகவே இனி எனக்கு இரும்பு கிடையாது.
முந்நூற்றுப் பதினாறு ஸ்டெயின்லெஸ் தருகிறார்கள்,
வேலூர் பக்கம் ஏதோ எலும்பு வேலைக்காம்.
வெறும் கையால் தொடுகிறேன், துடைக்கிறேன், தொடுகிறேன்.
ஆசிட்டில் குளித்து வந்த பிறகு
அதற்கு என்னைத் தெரியவே தெரியாது.
டெல்ரினும் அப்படித்தான், சோப்புக்கட்டி.
அலுமினியம் கொஞ்சம் கவனிக்கும்.
அனோடைசிங் போவதற்கு முன் கை பட்டால்
திரும்பி வரும்போது ஓரமாய் ஒரு மேகம்.
நேற்று ஒரு பித்தளை புஷ் தந்தார்கள்.
மதியச் சோற்றுக்குள் முகம் சுளித்திருந்தது.
அதனோடு எனக்கு ஒத்துப்போகிறது.

அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஸ்கிராப் விலை, கிலோ கணக்கு,
சம்பளத்தில் பிடித்தார்கள்.
வீட்டில் பின்கதவுக்கு முட்டு.
காற்றுக்கு அது அசையாது.

ஆவணியில் நல்ல மழை.
பாலாற்றில் தண்ணீர் வந்ததென்று
மேம்பாலத்தில் ஜனம் செல்போனோடு நின்றது.
அன்று கதவைத் திறக்கக் குனிந்தேன்.
தட்டு முழுக்கத் துரு.
எத்திராஜ், மோகனவேலு, குணவதி அக்கா,
எல்லார் இடமும் ஒரே பழுப்பு.
எனது எங்கே என்று
விரலை வைத்து வைத்துத் தேடினேன்.